கேரவனும் குளிர்காலமும்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

செப்டம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில், எங்கள் வீட்டு முற்றத்தில் நான்கு மாதமாக மூடிக் கிடந்த கேரவனை (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டியை) திறந்து, தொட்டியில் தண்ணீர் ஊற்றி, பம்பின் சுவிட்சைப் போட்டேன். குழாயில் ஒரு சொட்டும் வரவில்லை. கழுவுதொட்டிக்கு அடியிலிருந்த அலமாரி வழியாக என் செருப்புக்குள் வந்தது. அன்று வாங்கிய குறிப்புப் புத்தகம் இப்போது பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. குளிருக்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். செய்யாமல் விட்டது எந்த வடிவில் திரும்பி வந்து நிற்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே கோளாறிலிருந்து தொடங்குகிறேன்.

எந்தக் கோளாறானாலும் முதலில் ஒரு கேள்வி: வண்டி குளிர்காலத்தை எங்கே கழித்தது? கேரவனோடு வரும் கையேடுகளில் பல ஐரோப்பியக் குளிரை நினைத்து எழுதப்பட்டவை. அங்கே குளிரும் மழையும் கைகோத்து வரும். ஜோகன்னஸ்பர்க் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை அநேகமாகக் கிடையாது. பகலில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ளலாம். விடியற்காலையில் புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்திருக்கும். டர்பன் கடற்கரையிலோ உறைபனி என்ற பேச்சே இல்லை. உப்புக் காற்றும் ஓதமும்தான் அங்கே எதிரிகள். தமிழ்நாட்டில் மார்கழிக்குப் போர்வை தேடுவார்கள்; நமக்கு மார்கழியில் வியர்க்கும், ஆனியிலும் ஆடியிலும் பல் கிட்டும். அந்தக் கணக்கிலும் மேட்டுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. எங்கள் கேரவன் பல ஆண்டுகள் லெனேசியாவிலும், ஓர் ஆண்டு டர்பனுக்கு வடக்கே கடலோரம் உள்ள டொங்காட்டில் மாமனார் வீட்டிலும் குளிர்காலத்தைக் கழித்திருக்கிறது. இரண்டு இடத்திலும் வண்டி கெட்டது. கெட்ட விதம் வேறு.

பம்பு ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

மேட்டில் நின்ற வண்டியென்றால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். மே மாதத்தில் தண்ணீரை முழுதாக வடிக்கவில்லை. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் குழாய் அதைத் தாங்கிக்கொள்ளும். விறைப்பான பாகங்கள்தாம் உடையும்: மூன்று வழி இணைப்புகள், குழாயின் உள்ளிருக்கும் வால்வு, பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கிண்ணம்.

பம்பைக் கழற்றுவதற்கு முன் அதன் சத்தத்தைக் கேளுங்கள். மூன்று விதமாக இருக்கும்.

சத்தமே இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள், பிறகு ஒயர் முனைகளைப் பாருங்கள். டொங்காட்டில் நின்ற ஆண்டு எனக்கு நேர்ந்தது இதுதான். முனைகளில் பச்சை பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்ததும் பம்பு உயிர் பெற்றது. முனை சுத்தமாக இருந்தும் ஓடவில்லையென்றால், உள்ளே ரப்பர் தகடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்குரு டிரைவரின் கைப்பிடியால் பம்பின் தலையில் மெதுவாக நாலு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

குழாய்களை எல்லாம் மூடியபிறகும் பம்பு சற்று ஓடி, நின்று, மறுபடி ஓடுகிறது என்றால், பம்புக்கும் குழாய்களுக்கும் இடையில் எங்கோ ஒழுகுகிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் அடியில் ஒரு துண்டுச் செய்தித்தாளை விரித்து வையுங்கள். அரைமணி நேரத்தில் நனைந்திருக்கும் தாள் இடத்தைக் காட்டிவிடும். கையால் தடவிப் பார்ப்பதை நான் நம்புவதில்லை. குளிர்ந்த குழாய் எல்லாமே ஈரமாகத்தான் தோன்றும்.

மூன்றாவதுதான் ஆளை ஏய்ப்பது. பம்பு நிற்காமல் ஓடும், தண்ணீர் வராது, ஈரமும் எங்கும் இருக்காது. அன்று என் செருப்பை நனைத்தது கழுவுதொட்டிக்குக் கீழே இருந்த மூன்று வழி இணைப்பு. யாரோ பல்லால் கடித்ததுபோல் பிளந்திருந்தது. அதை மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று கை கழுவப் போனால் கை கழுவத் தண்ணீர் இல்லை. பம்புக்கு முன்னால் இருக்கும் குழாயில் வெடிப்பு இருந்தால் தண்ணீர் வெளியே வராமலும் போகும். காற்று உள்ளே போகும். அதனால் நனைந்த இடத்தைத் தேடிப் பயனில்லை. தொட்டியிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, பம்பின் வாய்க்கு நேராக ஒரு சிறு குழாயை மாட்டி அதன் மறுமுனையை ஒரு வாளித் தண்ணீரில் விடுங்கள். இப்போது தண்ணீர் வந்தால் பம்பு நல்லது, அதற்கு முன்னால்தான் கோளாறு. என் வண்டியில் வடிகட்டிக் கிண்ணத்தில் மயிரிழை போல் ஒரு கீறல். கண்ணுக்குத் தெரியவில்லை; வெயிலுக்கு நேரே பிடித்து விரலால் அழுத்தியபோதுதான் வாய் திறந்தது. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத அந்தக் கிண்ணத்துக்காக ஒரு புதுப் பம்பையே வாங்கியிருப்பேன்.

அடுத்த மே மாதத்தில் செய்ய வேண்டியது: தொட்டியின் வடிகுழாயைத் திறந்துவிடுங்கள். எல்லாக் குழாய்களையும் திறங்கள். ஒற்றைப் பிடி உள்ள குழாயென்றால் பிடியை நடுவில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சுடுநீர்ப் பக்கமோ குளிர்நீர்ப் பக்கமோ வடியாது. கீசர் இருந்தால் அதன் வடிகுழாய் தனி. அதை மறந்தவர்கள் கொடுக்கும் விலை பெரிது. ஷவர் தலையை எட்டும் அளவுக்குத் தாழத் தொங்கவிடுங்கள். பம்பைச் சில நொடிகள் வெறுமனே ஓட்டி நிறுத்துங்கள். வடிகட்டிக் கிண்ணத்தைத் திருகிக் கழற்றி, கவிழ்த்து, கழற்றியபடியே ஒரு பையில் போட்டு வையுங்கள். சைக்கிள் பம்பால் ஒரு குழாய் வழியே காற்றடித்தால் இன்னும் ஒரு குவளைத் தண்ணீர் எங்கிருந்தோ வரும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் உறைதடுப்புத் திரவத்தைக் குடிநீர்க் குழாயில் ஒருபோதும் ஊற்றாதீர்கள், அது விஷம். நம் ஊரின் குளிருக்குக் காலிக் குழாயே போதுமான பாதுகாப்பு.

செப்டம்பர் பிறந்ததும் அவசரப்பட்டுத் தொட்டியை நிரப்பவும் வேண்டாம். 2024 செப்டம்பர் 20 வாக்கில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி, ஜோகன்னஸ்பர்க்கையும் டர்பனையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையே மூடப்பட்டது. வண்டிகள் இரவெல்லாம் சாலையில் நின்றன.

காலையில் அடுப்பு எரிய மறுக்கிறது, பத்து மணிக்கு ஒழுங்காக எரிகிறது

இது குளிர்காலத்தில் மலைக்குப் போகிறவர்களின் புகார். டிராகன்ஸ்பர்க்கில், ராயல் நேட்டால் தேசியப் பூங்காவின் மஹாய் முகாமில் ஜூலை மாதம் தங்கியிருந்தோம். வெளியே வைத்த வாளியில் கண்ணாடித் தகடுபோல் பனிக்கட்டி. ஆறு மணித் தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தால் அகல் விளக்கின் சுடர் அளவுக்குத்தான் எரிந்தது. சிலிண்டர் காலியாகிவிட்டது என்று நினைத்துப் பத்து மணிக்கு வேறொன்று வாங்கக் கிளம்பினேன். அதற்குள் மனைவி அதே அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

சிலிண்டருக்குள் இருப்பது புரோபேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரோபேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும். பியூட்டேனுக்கு மைனஸ் அரை டிகிரியாவது வேண்டும். உறைபனி விழுந்த காலையில் பியூட்டேன் பங்கு அசையாமல் அடியில் கிடக்கும். புரோபேன் முதலில் தீர்ந்துவிடுவதால், பாதி காலியான சிலிண்டர் நிறைந்ததைவிட இன்னும் சோம்பலாக இருக்கும். போதாததற்கு, ஆவியாகும்போது திரவம் தன் வெப்பத்தையே இழந்து மேலும் குளிர்கிறது.

பக்கத்துக் கேரவன்காரர் தம் சிலிண்டருக்குக் கம்பளி போர்த்தியிருந்தார். பார்க்கப் பாசமாக இருந்தது, பயன் இல்லை. எரியும் நேரத்தில் சிலிண்டர் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதற்கு வேண்டிய சூடு காற்றிலிருந்துதான் வர வேண்டும். கம்பளி அந்தச் சூட்டையும் மறித்துவிடுகிறது. கிழக்கு வெயில் விழும் இடத்தில் வையுங்கள். மலைக்கு 5 கிலோவுக்குப் பதிலாக 9 கிலோ சிலிண்டரை, அதுவும் நிறைத்து எடுத்துப் போங்கள். திரவம் தொடும் பரப்பு அதிகமானால் ஆவியும் அதிகம். காலைத் தேநீருக்கான வெந்நீரை முந்திய இரவே பிளாஸ்கில் ஊற்றி வைப்பது என் மனைவியின் தீர்வு; இதுவரை தவறியதில்லை. நெருப்பைக் காட்டுவதும், கொதிநீர் ஊற்றுவதும், சிலிண்டரை உள்ளே தூக்கி வந்து வைப்பதும் கூடாது.

மதியத்திலும் எரியவில்லையென்றால் குளிரின்மேல் பழி போடாதீர்கள். சிலிண்டரை எடை போடுங்கள். காலி எடை அதன் கழுத்துப் பட்டையில் பொறிக்கப்பட்டிருக்கும். எடை இருக்கிறதென்றால் ரெகுலேட்டர், ரப்பர் குழாய் என்று வரிசையாகப் பாருங்கள். மடித்துப் பிடித்தால் கோடு கோடாக வெடிப்புத் தெரியும் ரப்பர் குழாய்க்கு ஆயுள் முடிந்தது. மாற்றியபின் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்காமல் தீக்குச்சியைத் தொடாதீர்கள்.

சுடர் மஞ்சளாக எரிகிறது, பாத்திரத்தில் கரி பிடிக்கிறது

சிலந்தி. எரியும் வாய்க்குக் கீழே உள்ள குழலுக்குள் நான்கு மாதத்தில் ஒரு குடும்பமே கூடு கட்டியிருக்கும். கழற்றி, மென்மையான தூரிகையால் துடைத்து, ஊதிவிடுங்கள். ஜெட்டின் துளைக்குள் ஊசியை விடாதீர்கள்; துளை பெரிதாகிவிட்டால் சுடர் பழையபடி வராது.

உள்ளே படுத்தவர்களுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல்

இதற்கு ஆராய்ச்சி வேண்டாம். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள், பிறகு மருத்துவ உதவி. குளிருக்காக உள்ளே கேஸ் அடுப்பை எரியவிட்டிருப்பீர்கள், அல்லது இம்பவுலாவில் (துளையிட்ட தகரக் கணப்புச் சட்டியில்) கரி மூட்டிக் கொண்டுவந்து வைத்திருப்பீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்நாட்டில் இப்படி உயிர்கள் போகின்றன. தரையில் இருக்கும் காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து துணியால் அடைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அவை தப்பித் தவறி விட்ட ஓட்டைகள் அல்ல, சட்டப்படி வைத்தவை. வெந்நீர்ப் புட்டியும் கம்பளியும் போதும்.

காலையில் சன்னலில் தண்ணீர் வழிகிறது

இது ஒழுகல் இல்லை, உங்கள் மூச்சு. இரண்டு பேர் ஓர் இரவில் மூச்சாக விடுவதே ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர் இருக்கும். அதற்கு மேல் கேஸ்: ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. மாலையில் உள்ளே சாம்பார் கொதித்திருந்தால் கேட்கவே வேண்டாம். கூரைத் துவாரத்தை ஒரு விரல் அளவு திறந்து வைத்துப் படுங்கள். மெத்தைக்குக் கீழே கை விட்டுப் பாருங்கள். பலகையோடு ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் மெத்தையைத் தினமும் காலையில் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

மூலையில் பலகை மெத்தென்று அமுங்குகிறது, பூசண வாடை வருகிறது

இது வேறு நோய். நின்று பார்க்க வேண்டியது. மேட்டுநிலத்தில் இதை உண்டாக்கியது குளிர்காலம் அன்று. நவம்பர் முதல் மார்ச் வரை மதியத்துக்கு மேல் இடியோடு அடித்த மழையும், கூரையைக் கொத்திய ஆலங்கட்டியும் உள்ளே விட்ட தண்ணீர் அது. குளிர்காலத்தில் காற்று காய்ந்து போவதால் சுவர் மேலே உலர்ந்து நல்ல பிள்ளைபோல் இருக்கும். மே மாதத்தில் தொட்டுப் பார்த்து, உலர்ந்திருக்கிறது என்று விட்டுவிட்டால் அடுத்த மழைக்குள் உள்மரம் உளுத்துவிடும்.

ஸ்குரு டிரைவரின் கைப்பிடியால் சுவரை வரிசையாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல இடத்தில் டக் டக் என்று கெட்டியாக ஒலிக்கும்; கெட்ட இடத்தில் ஒலி ஈர மாவில் தட்டியதுபோல் செத்துவிடும். சன்னல்களின் கீழ் மூலைகள், கூரையும் சுவரும் சேரும் இடம், முன்பக்கப் பெட்டிக்குப் பின்னால் என்று இந்த மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் அகப்படும். சந்தேகமிருந்தால் வெயில் நாளில் வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்கட்டும். கீழேயிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் நின்று, மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இணைப்புகளும் ஒன்றாக நனைந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போகும்.

கண்ட இடத்தில் சிலிக்கானைப் பிதுக்கித் தடவும் பழக்கம் நம்மிடையே ஒரு தொற்றுநோய். உள்ளே போன தண்ணீர் வெளியே வரவும் வழியில்லாமல் அது அடைத்துவிடுகிறது. பிறகு முறையாகச் செய்ய வருகிறவரும் அதைச் சுரண்டவே ஒரு நாள் கூலி கேட்பார். அலுமினியப் பட்டையைக் கழற்றி, பழைய பசையை மரத் துண்டால் சுரண்டி எடுத்து, புது பியூட்டைல் நாடா வைத்து மூட வேண்டும். இந்த வேலைக்கு மழையில்லாத நம் குளிர்காலத்தைப்போல் நல்ல பருவம் கிடையாது. பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் தகடு வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்யுங்கள். காலைப் பனியில் ஒட்டியது ஒட்டாது.

வண்டி கரையில் நின்றதென்றால் கதை மாறுகிறது. அங்கே பலகை கெட்டியாகவே இருக்கும், ஆனால் அலமாரி முழுவதும் மக்கிய வாடை வீசும். மூடி வைத்த வண்டிக்குள் ஓதம் சுற்றிச் சுற்றி வந்ததன் விளைவு அது. அலமாரிக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்தபடி விடுவது, மெத்தைகளை நிமிர்த்தி வைப்பது, மாதம் ஒரு முறை யாராவது வந்து சன்னல்களைத் திறந்து அரை நாள் காற்றாட விடுவது போதும். டொங்காட்டில் மாமியார் ஞாயிறுதோறும் இதைச் செய்தார். அதனால் வாடையும் இல்லை, வண்டிக்குள் உட்கார்ந்து தேநீர் குடிக்க அவருக்கு ஓர் இடமும் கிடைத்தது.

கூடாரத் துணியில் கரும்புள்ளிகள்

புனித வெள்ளிக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய், இரண்டு நாள் கடற்கரையில் தங்கி, திங்கட்கிழமை விடியற்காலைப் பனியில் கூடாரத்தைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு திரும்பியவர்களுக்கு வரும் நோய் இது. வீட்டுக்கு வந்த அன்றே விரித்துப் போட்டிருந்தால் வந்திருக்காது. வந்துவிட்டதென்றால் காய்ந்த துணியை மென்மையான தூரிகையால் தட்டி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் கலந்து துடைத்து, நல்ல வெயிலில் இரண்டு நாள் போடுங்கள். பூசணம் சாகும்; புள்ளி முழுவதும் போகாது. ப்ளீச் ஊற்றினால் புள்ளி போகும், கூடவே நூலின் வலுவும் மழை தாங்கும் பூச்சும் போகும். நான் புள்ளியோடு வாழப் பழகிவிட்டேன்.

பேட்டரி ஏறவே மாட்டேன் என்கிறது

மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிப் பாதி நாள் ஆனபின் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நலம். 12.4 என்றால் முக்கால் வயிறு. 12.0 என்றால் பட்டினி. பட்டினியாகவே மாதக்கணக்கில் கிடந்த ஈய அமில பேட்டரிக்குள் தகடுகளில் கந்தகப் படிவு இறுகிவிடும். அதன்பின் எத்தனை நாள் சார்ஜ் செய்தாலும் விளக்கைப் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் மங்கிவிடும்.

2022, 2023ஆம் ஆண்டுகளின் மின்வெட்டில் எத்தனை கேரவன் பேட்டரிகள் வரவேற்பறைக்குக் குடிபெயர்ந்தன என்று கணக்கெடுத்தால் வேடிக்கையாக இருக்கும். எங்கள் வீட்டிலும் அது தொலைக்காட்சியையும் இணையப் பெட்டியையும் ஓட்டியது. நாளுக்கு மூன்று முறை அடிவரை வற்றவிட்டு, அரைகுறையாக ஏற்றி, டிசம்பரில் திரும்பக் கேரவனில் பூட்டி, கடலோரத்தில் இருட்டில் உட்கார்ந்தோம். அப்படிப் பட்டபாட்டுக்குப் பரிகாரம் புது பேட்டரிதான்.

குளிருக்கு முன் முழுதாக ஏற்றி, முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றி, வண்டியிலிருந்து எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். மாதம் ஒரு முறை ஏற்றுங்கள். வண்டியிலேயே விட்டால் ரேடியோவின் கடிகாரமும் எச்சரிக்கை மணியும் சொட்டுச் சொட்டாகக் குடித்துவிடும். நிறைந்த பேட்டரி நம் ஊர்க் குளிரில் உறையாது. வற்றியதன் அமிலமோ தண்ணீராக நீர்த்துப் போயிருப்பதால் உறைந்து பெட்டியே பிளக்கக்கூடும். கூரையில் சோலார் தகடு இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள், ஆகஸ்ட் மாதத்தில் ஏணி போட்டு அதன்மேல் படிந்த செம்மண் தூசியை ஒரு முறை பார்க்கட்டும்.

இழுத்தால் வண்டி நகரவில்லை

டொங்காட்டிலிருந்து வண்டியை எடுக்கப் போன அன்று கொக்கியை மாட்டி மெதுவாக முன்னே நகர்த்தினேன். கேரவன் மூக்கைத் தாழ்த்தி நின்றது. ஒரு சக்கரம் உருளாமல் மண்ணில் கோடு போட்டது. தேநீர்க் குவளையோடு மாமா திண்ணையிலிருந்து இறங்கி வந்தார்.

"கைப்பிரேக்கை இழுத்து வைத்துவிட்டா போனீர்கள், மாப்பிள்ளை?"

"ஆமாம் மாமா. உங்கள் முற்றம் சரிவாயிற்றே."

"சரிவுக்குக் கல் இருக்கிறது. நான் என்ன கல்லுக்கா பஞ்சம் வைத்திருக்கிறேன்?"

நான்கு மாதம் அழுத்திப் பிடித்திருந்த பிரேக் கட்டை, உப்புக் காற்றில் துருவேறிய டிரம்மோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்படி நேர்ந்தால் வேகமாக இழுத்து விடுவிக்கப் பார்க்காதீர்கள். டயரில் தட்டையாக ஓரிடம் தேய்ந்துவிடும். பிரேக்கைத் தளர்த்தி, காரை முன்னும் பின்னும் ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துப் பாருங்கள். அதற்கும் விடவில்லையென்றால் மறுசக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஜாக் வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் விளிம்பைச் சுற்றிலும் ரப்பர் சுத்தியால் தட்டுங்கள். மாமா மூன்றாவது சுற்றில் தட்டியபோது 'டப்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு கையாலேயே சுற்றியது. உடனே புறப்பட வேண்டாம் என்று அவர் தடுத்து, தெருவில் இரண்டு முறை ஓட்டவைத்து, டிரம் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்தபின்தான் விட்டார். டொங்காட்டிலிருந்து வான் ரீனன் ஏற்றம் வரை பிரேக் உரசிக்கொண்டே வந்திருந்தால் பேரிங்கும் போயிருக்கும்.

மேட்டிலும் இது நடக்கும். நிறுத்துவதற்கு முன் சக்கரங்களைக் குழாய் நீரால் கழுவி, நனைந்த பிரேக்கோடு அப்படியே கைப்பிரேக்கை இழுத்துவிட்டால் அதே கதிதான். சக்கரத்தின் இரு பக்கமும் கல், மூலைக் கால்களும் இறக்கியிருக்க வேண்டும், கைப்பிரேக் தளர்ந்திருக்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் சிறு சிறு வெடிப்புகள்

பட்டன் (டயரில் தரையைத் தொடும் வெட்டுகள்) நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். கேரவன் டயர் ஓடித் தேய்ந்து சாவதைவிட நின்று காய்ந்து சாவதே அதிகம். மேட்டுநிலத்தின் மேகமற்ற குளிர்கால வெயில் அதற்குக் காலன். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஆறேழு ஆண்டு ஆகியிருந்தாலோ, வெடிப்புக்குள் நகம் நுழைந்தாலோ மாற்றிவிடுங்கள். ஸ்பேர் டயருக்கும் வயது உண்டு. நிற்கும் காலத்தில் வெயில் படும் பக்கத்துச் சக்கரத்துக்குப் பழைய சாக்கைப் போர்த்துங்கள். காற்றைச் சற்றுக் கூட்டி, மாதம் ஒரு முறை அரைச் சுற்று உருட்டிவிடுங்கள்.

மெத்தையில் ஓட்டை, மூலையில் புழுக்கை

காட்டுப்புல் காய்ந்ததும் எலிகள் வீடு தேடும். ஓர் ஆடியில், தெருவில் கூழ் வார்ப்பதற்கென்று வாங்கிய மாவு மூட்டையையும் பெரிய அண்டாக்களையும் வீட்டில் இடமில்லாமல் கேரவனில் வைத்தோம். அம்மனுக்கு முன் எலி பிரசாதம் வாங்கிக்கொண்டது. மாவு போனது பெரிதில்லை. விளக்குக்குப் போகும் ஒயரையும் அது கொறித்திருந்தது. எலி வந்த தடயம் தெரிந்தால் மின் இணைப்பைக் கொடுப்பதற்கு முன் படுக்கைக்கு அடியில் ஒயர்களை டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேஸ் குழாயும் ஒயரும் தரை வழியே நுழையும் இடங்களைச் சுற்றி இரும்பு நாரைத் திணியுங்கள். சுண்டுவிரல் நுழையும் ஓட்டை சுண்டெலிக்குப் போதும். பாதுகாப்புக் காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள், அவற்றுக்குக் கம்பி வலை போடுங்கள். பருப்பு, மீலி (மக்காச்சோள) மாவு, பிஸ்கட் எதையும் மிச்சம் வைக்க வேண்டாம். அந்துருண்டை போட்டால் எலி வராது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எலி வந்தது, அந்துருண்டை வாடை டிசம்பர் வரை மெத்தையை விட்டுப் போகவில்லை.

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் நாற்றம்

கதவை இறுக மூடி வைத்திருக்கிறீர்கள். சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, காயவைத்து, அடுத்த முறை கதவு இடுக்கில் ஒரு துண்டைச் செருகித் திறந்தபடி விடுங்கள். நாற்றம் இல்லை, குளிர்ச்சியும் இல்லை என்றால் ரசமட்டத்தை உள்ளே வைத்துப் பாருங்கள். கேஸில் ஓடும் பெட்டி சாய்ந்து நின்றால் வேலை செய்யாது. அதன் புகைபோக்கியில் குளவி கூடு கட்டியிருப்பதும் உண்டு.

மூடிய தார்ப்பாய் கிழிந்திருக்கிறது, சன்னலெல்லாம் கீறல்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே அட்சரம் பிசகாமல் உண்மை. மேட்டுநிலத்தில் ஆகஸ்ட் மாதம் காற்றின் மாதம். தளர்ந்து கிடக்கும் பிளாஸ்டிக் தார்ப்பாய்க்குள் மணல் புகுந்து, நாளெல்லாம் படபடவென்று அடித்து, பிளாஸ்டிக் சன்னல்களை உப்புத்தாள்போல் தேய்த்துவிடும். மூச்சு விடும் துணி உறை, அல்லது நிழல்வலைக் கொட்டகை நல்லது. இரண்டும் இல்லையென்றால் ஒன்றுமே போடாமல் விடுவது தார்ப்பாயைவிட மேல் என்பது என் கட்சி. கீறலைப் பெயின்ட் தின்னர் வைத்துத் துடைக்காதீர்கள். சன்னல் முழுவதும் சிலந்தி வலை போல் வெடித்துவிடும். வண்டியைச் சுற்றி வளர்ந்த காய்ந்த புல்லையும் ஜூன் மாதத்திலேயே வெட்டிவிடுங்கள். இந்தக் காற்றில் தீ ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்குத் தாவ ஒரு பொறி போதும்.

கண்ணாடியில் ஒட்டிய உரிம வட்டின் தேதி கடந்துவிட்டது

வண்டி ஓடவே இல்லையே என்று வாதாடிப் பயனில்லை. நின்றாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தேதி கடந்தபின் 21 நாள் அவகாசம், அதன்பின் அபராதம் ஏறும். நான் இப்போது அதைக் கேரவனில் பார்க்காமல் நாட்காட்டியில் எழுதிவைக்கிறேன்.

பின் விளக்குகள் எரியவில்லை, அல்லது வலது போட்டால் இடது மினுக்குகிறது

ஏழு முனைப் பிளக்கில் பச்சை பூத்திருக்கும். கரையில் நின்ற வண்டிக்கு இது நிச்சயம், மேட்டில் நின்றதற்கு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு முனையையும் சிறு கம்பித் தூரிகையால் தேயுங்கள். பிளந்த முனைகளைக் கத்தி நுனியால் சற்றே விரித்துவிடுங்கள். மின்முனைகளுக்கென்று விற்கும் ஸ்ப்ரேயை அடியுங்கள். விளக்குகள் மாறி மாறி மினுக்கினால் வெள்ளை ஒயரின் பூமி இணைப்புத் தளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் எட்டு முறை அதுதான். நிறுத்தும்போது பிளக்கைத் தரையில் கிடக்கவிடாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, வாய் கீழ்நோக்கத் தொங்கவிடுங்கள்.

சரி பார்க்க இரண்டு பேர் வேண்டும். டொங்காட்டில் நான் காரில் உட்கார்ந்து ஒவ்வொரு விளக்காகப் போட, மாமா குளிருக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நின்று, "வலது... இடது... பிரேக்... மறுபடி பிரேக்..." என்று தெரு முழுவதும் கேட்கக் கூவிக்கொண்டிருந்தார்.